ஓட்ஸ் பிஸ்கட்டும் ஒரு வெட்டு வழக்கும்

ஓவன் வீட்டுக்கு வந்த அன்றே என் கணவரின் அண்ணன் அதைக் காலால் உதைத்தார். ஷார்ஜாவில் வேலை பார்த்த என் கணவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கூடத்தில் உட்கார்ந்து அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்தவர் என்ன அது என்று கேட்டார். பிஸ்கட் சுடுகிற அடுப்பு என்றேன்.

"நெலத்த விக்கக் கையெழுத்துப் போட வாடான்னா லீவு இல்லங்குறான். பொண்டாட்டிக்கு அடுப்பு அனுப்ப மட்டும் நேரம் இருக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் கால் போய்விட்டது. ஓவன் உருண்டு தூணில் மோதியது. கண்ணாடிக் கதவின் மூலையில் ஒரு கீறல் விழுந்தது. நல்லவேளை, வேலை செய்தது.

அவருக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை போகும், கைக்கு முன்னால் கால் போகும். என் ஓரகத்திக்கு, அதாவது அவர் மனைவிக்கு, முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வாள். கேட்கிற எல்லாரும் தலையாட்டுவார்கள். வலங்கைமானுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அந்தக் குளத்துக்குப் படியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீடு ஒன்றுதான். மாமனார் இறந்த பிறகு நடுவில் சுவர் எழுப்பி, முன்பாதி அவர்களுக்கும் பின்பாதி எங்களுக்கும் என்று ஆனது. நிலத்தைப் பிரிக்கவில்லை. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொல்லை, அதைத் தாண்டி ஒரு வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி எங்கள் ஐந்து ஏக்கர். அதை உழுதது நாங்கள் இல்லை. அந்தப் பக்கத் தெருவிலிருந்த ஒருவர் தன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்துவந்தார். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பதிவு இருக்கிறவரை அவரை நிலத்தை விட்டு இறக்க முடியாது. சட்டம் அப்படி.

வயலோரமாக மெயின் ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து சனியன் பிடித்தது. கரைவேட்டி கட்டிய ஒரு ரியல் எஸ்டேட்காரர் காரில் வந்து இறங்குவார். வரப்பில் நின்று கையை நீட்டி நீட்டி எதையோ காட்டுவார். பக்கத்து வயல்களில் ஏற்கெனவே மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல் நட்டாகிவிட்டது. எங்கள் நிலம் மட்டும்தான் நடுவில் பச்சையாக நின்றது. குத்தகைக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். என் கணவரோ ஊருக்கு வருவதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அடைபட்ட கோபத்தை அண்ணன் தன் மனைவிமேல் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டால் நான் என் பக்கத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். கவர்மெண்டு கொடுத்த டிவி. பெருமையாகச் சொல்லவில்லை. நான் செய்தது அதுதான்.

அந்த டிவியில்தான் அந்த பிஸ்கட்டைப் பார்த்தேன். ஓட்ஸும் கடலையும் சேர்த்து அப்பளம் மாதிரி மெல்லிசாகச் சுடுவது. முதல் நாலைந்து தடவை உருப்படவில்லை. ஒருமுறை கல் மாதிரி இருந்தது, ஒருமுறை எல்லாம் ஒன்றாக உருகித் தட்டு முழுக்க ஒரே பிஸ்கட்டாக ஆகிவிட்டது. அதைச் சரியாக்கியது குத்தகைக்காரரின் மனைவி.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. என்னோடு தனியாக இருக்கும்போது அக்கா என்பாள், அண்ணன் எதிரில் வந்துவிட்டால் அம்மா என்று மாற்றிக்கொள்வாள். அவள் தெருக்காரர்கள் எங்கள் தெரு வீடுகளுக்குள் வருவதில்லை. கொல்லையோடு சரி. அவள் என் சமையலறைக்குள் வந்தாள். முதல்நாள் நிலைப்படியில் தயங்கி நின்றவளை, எறும்பு மொய்க்குது சீக்கிரம் வா என்று கூப்பிட்டேன். வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்காக அண்ணன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

குடமுருட்டி ஆற்றுப் படுகையில் அவள் அம்மா வீட்டில் போட்ட கடலையைக் கொண்டுவருவாள். வறுத்து, தோல் நீக்கி, உரலில் ஒரே குத்து. மாவாகக் கூடாது, ஒவ்வொரு பருப்பும் நாலாக உடைந்தால் போதும். ஓட்ஸை வெறும் சட்டியில் வறுத்துப் பாதியை மிக்சியில் பொடித்து, பாதியை அப்படியே விடுவேன். வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா உப்பு, கொஞ்சம் பால். மாவு கையில் ஒட்டுகிறது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, கழுவி வைத்த பால் கவரைக் கத்தரித்து, உருண்டையை நடுவில் வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். காகிதம் மாதிரி வந்தது. ஓவனில் பன்னிரண்டு நிமிடம். பத்தாவது நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஓரம் சிவந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கசந்துபோகும். எடுத்ததும் தொளதொளவென்று இருக்கும், ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும்.

மின்வெட்டுக் காலம் அது. காலையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது. அந்த மூன்று மணி நேரத்தில் மாவு தயார் செய்து, கரண்ட் வந்தவுடன் சுட ஆரம்பிப்போம்.

அன்றும் அப்படித்தான். தை மாதம், சம்பா முற்றி நின்றது. இரண்டு நாளில் அறுப்பு என்று அவள் சொல்லியிருந்தாள். ஷார்ஜாவுக்குத் திரும்புகிற ஒருவரிடம் கணவருக்குக் கொடுத்தனுப்ப ஒரு டப்பா நிறைய சுட்டுக்கொண்டிருந்தேன். முதல் தட்டு வெளியே வந்து ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாவது உள்ளே. அவள் தரையில் உட்கார்ந்து மூன்றாவது தட்டுக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது மெயின் ரோட்டிலிருந்து அறுப்பு மிஷின் வயலுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது.

"யாரு வயல்லக்கா மிஷின் எறங்குது?" என்று எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். நானும் வந்தேன்.

எங்கள் வயலில்தான். மிஷினுக்குப் பக்கத்தில் அண்ணன். அவரோடு எனக்குத் தெரியாத ஆறேழு பேர், கையில் கம்பும் அரிவாளுமாக. அவள் புருஷனின் பயிரை அவர்கள் அறுக்கிறார்கள். அறுத்து எடுத்துப்போய்விட்டால், இந்த வருடம் நிலத்தில் அவர் பயிரே வைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கையில் மாவோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அவள் வாய்க்கால் பாலத்தை எட்டுவதற்குள் அவள் புருஷன் வரப்பிலிருந்து ஓடிவந்து மிஷினுக்கு முன்னால் நின்றுவிட்டார். டிரைவர் வண்டியை நிறுத்தினான். அண்ணன் ஏற்று, ஏற்று என்று கத்தினார். டிரைவர் ஏற்றவில்லை. கம்பு வைத்திருந்தவர்கள் குத்தகைக்காரரைச் சூழ்ந்து அடித்தார்கள். முழங்காலில் அடித்தார்கள், விழுந்தார். எழுந்தார். மிஷினின் முன்கம்பியை வலதுகையால் பிடித்துக்கொண்டார். அண்ணன் பக்கத்திலிருந்தவன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி, கம்பியைப் பிடித்திருந்த கையில் வெட்டினார். ஒருமுறை இல்லை. கை கம்பியை விடும்வரை வெட்டினார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் அலறல் கேட்டுத்தான் கால் அசைந்தது. கொடியில் காய்ந்த வேட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். நான் போனபோது அந்த ஆட்கள் கலைந்து ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நெற்பயிர் அந்த இடத்தில் சாய்ந்து, தாள் எல்லாம் சிவப்பாக இருந்தது. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. மூன்றாவது எங்கே என்று அவள் பயிருக்குள் கையைவிட்டுத் தேடினாள். நான் வேட்டியைச் சுற்றிக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. அறுப்பு மிஷின் டிரைவர்தான், வேலூர்ப் பக்கத்துக்காரன், போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அவரைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் கூடப் போனாள். அவள் விரல் இடுக்குகளில் அப்போதும் மாவு ஒட்டியிருந்தது.

நான் திரும்பி வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. இரண்டாவது தட்டு கரியாகிவிட்டிருந்தது. கொல்லைக் குழாயில் அண்ணன் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிதானமாக, வேலை முடிந்து வந்து மண்வெட்டியைக் கழுவுகிற மாதிரி. பிறகு உள்ளே வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். மேடையில் ஆறிக்கிடந்த முதல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். நகக்கண்ணில் ரத்தம் இருந்தது.

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார். "நீ அடுப்பப் பாத்துக்கிட்டு இருந்த. வயல்ல எதையும் பாக்கல. என்ன?"

அவர் போன பிறகு அந்தத் தட்டை அப்படியே எடுத்துப் போய்க் குப்பைக்குழியில் கொட்டினேன்.

மறுநாள் போலீஸ் வந்தது. வந்த அதிகாரி நான் சொல்வதற்கு முன்பே எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவைத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் பார்த்தேன் என்றேன். யோசித்துச் சொல்லும்மா, குடும்ப விஷயம் என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், பிறகு திறந்தார், எழுதினார்.

அன்று சாயங்காலமே கணவர் போன் செய்தார். யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். அண்ணன் ஜெயிலுக்குப் போனால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று கேட்டார். வெட்டுப்பட்டவரும் சின்ன வயதில் உங்களோடு பம்புசெட்டில் குளித்தவர்தானே என்றேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் பேசவில்லை.

அண்ணன் இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வாசலில் வெடி போட்டார்கள்.

அவர் வந்த மூன்றாம் நாள் நான் மறுபடி ஓவனைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் தனியாக இருந்தேன், கையும் காலும் பதறிக்கொண்டே இருந்தது, மாவைப் பிசைந்து டம்ளரால் அடித்து அழுத்தினால் கொஞ்சம் அடங்கியது. அவ்வளவுதான். தட்டை வெளியே எடுக்கிற நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. அவர் வந்தார். பின்னாலேயே என் ஓரகத்தி, வேணாங்க, வேணாங்க என்றபடி.

வாபஸ் வாங்கு என்றார். நான் மாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை, தலையைத்தான் அசைத்தேன். கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். மூச்சு முட்டியது. கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ பரவியது. என் வலதுகையில் துணியைச் சுற்றித் தட்டைப் பிடித்திருந்தேன். அதைத் தூக்கி அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். பிடி நிற்கவில்லை என்று இடதுகையையும் கொடுத்தேன், அதில் துணி இல்லை. தோல் வேகிற சத்தம் கேட்டது. அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. அவர் என் கழுத்தை விட்டபிறகும் நான் தட்டை எடுக்கவில்லை.

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் நடந்தது அதுதான். அவர் கை என் கழுத்திலிருந்து விழுந்த பிறகும் ஒரு நொடி, இரண்டு நொடி, நான் அழுத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவர் வயலில் அந்தக் கையை வெட்டும்போது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியபோது தட்டைக் கீழே போட்டேன்.

அவர் என்மேல் புகார் கொடுத்தார். ஆக, இரண்டு வழக்கு. ஒன்றில் நான் சாட்சி, ஒன்றில் நான் குற்றவாளி. இரண்டும் வருடக்கணக்கில் இழுத்தன. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போவேன். கோர்ட் வராந்தாவில் குத்தகைக்காரரும் அவர் மனைவியும் ஒரு ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வலதுகையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருப்பார். மூன்று விரல் போய்விட்டது, மிச்சமிருந்த இரண்டும் மடங்கவில்லை.

வெட்டு வழக்கில் என்னைக் கூண்டில் ஏற்றிய அன்று அண்ணனின் வக்கீல் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். அந்த பிஸ்கட்டை எப்படிச் சுடுவது என்று கேட்டார். சொன்னேன். கடைசி இரண்டு நிமிடம் கண்ணை எடுக்கவே கூடாதா என்று கேட்டார். கூடாது என்றேன். அப்படியானால் ஓவனிலிருந்து கண்ணை எடுக்காத நீங்கள், முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வழியாக, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்ததை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டு, நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ண எடுத்தேங்க. அதனாலதான் அந்தத் தட்டு கருகிப்போச்சு" என்றேன். "போலீஸ் வந்தப்பவும் அந்தத் தட்டக் கழுவாமதான் வச்சிருந்தேன். அவங்க எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க, பாருங்க."

நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். இருந்தது. அந்த அதிகாரி அதை எழுதியிருந்தார். வக்கீல் அதற்குமேல் பிஸ்கட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

என்மேல் போட்ட வழக்கில் சாட்சி ஒரே ஆள்தான், என் ஓரகத்தி. அண்ணனே அவளைச் சாட்சியாகப் போட்டிருந்தார். அவள் கூண்டில் ஏறியபோது என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பயந்தவள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் யாரோடும் பேசுவாள். நடந்ததைச் சொல்லம்மா என்றார்கள். முந்தானையை எடுத்தாள். உடைந்த பல் எல்லாருக்கும் தெரிந்தது.

"இவருதான் மொதல்ல கழுத்தப் புடிச்சாரு. விட்டிருந்தா கொன்னுருப்பாரு. எங் கழுத்தையும் அப்படித்தான் புடிப்பாரு."

வேறு எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் அதையே திருப்பிச் சொன்னாள். அன்று கோர்ட்டிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. சுவாமிமலையில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். தெரியும், டிவி சத்தம் கூடும் என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது.

என் வழக்கு தள்ளுபடியானது. அண்ணனுக்கு ஐந்து வருடம் என்றார்கள். அப்பீல் செய்தார், ஒரு வருடத்துக்கும் குறைவாக உள்ளே இருந்துவிட்டு மறுபடி ஜாமீனில் வந்தார். அது இன்னும் நடக்கிறது. கன்னத்தில் தட்டின் விளிம்பு நேர்கோடாகப் பதிந்திருக்கிறது. அவர் தாடி வளர்த்துப் பார்த்தார். அந்தக் கோட்டில் மட்டும் முளைக்கவில்லை.

என் கணவர் இரண்டு வருடம் கழித்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த அன்று சமையலறையில் நின்று ஜன்னல் வழியாக வயலை வெகுநேரம் பார்த்தார். நீ சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம் என்றேன். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்த வாரமே, எனக்குச் சொல்லாமல், வக்கீலைப் பார்த்துப் பாகப்பிரிவினைக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் பாதியில் அதே குத்தகைக்காரர் தொடர்வதாகத் தாலுகா ஆபீஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஒரு கையை வைத்துக்கொண்டு ஐந்து ஏக்கரும் முடியாது என்று குத்தகைக்காரர் அண்ணன் பாதியை விட்டுக்கொடுத்தார், அது பிளாட்டானது. மஞ்சள் கல் நட்டார்கள். வீடு கட்டத்தான் இன்னும் யாரும் வரவில்லை.

குத்தகைக்காரரின் மனைவி என் சமையலறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கோபம் ஒன்றுமில்லை. கொல்லைவரை வருவாள், நின்று பேசுவாள். ஒருநாள் நானே ஏன் என்று கேட்டேன். "வெண்ணெயும் கடலையும் வேகுற வாசன அடிச்சா எனக்கு அந்தப் பயிருக்குள்ள கைய விட்டுத் தேடுன மாதிரியே இருக்குக்கா" என்றாள். அவள் வருகிற நேரத்தில் நான் ஓவனைப் போடுவதில்லை. மற்ற நேரத்தில் போடுகிறேன். என் இடது உள்ளங்கையில் தோல் இறுகிப்போனதால் உருண்டை சரியாக வருவதில்லை. கணவர்தான் பிடித்துக் கொடுக்கிறார், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக.

போன தை அறுப்புக்கு முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே அடுத்த போகத்துக்கு உளுந்து தெளித்தார்கள். குத்தகைக்காரர் இடதுகையால்தான் தெளிக்கிறார். சீராக விழுவதில்லை, ஓர் இடத்தில் கொத்தாக, ஓர் இடத்தில் வெறுமையாக. அவள் வரப்பில் கூடவே நடந்து, அங்க விழலை, இங்க விழலை என்று திட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கூடையைப் பிடுங்கிக்கொண்டு தானே இறங்கித் தெளிக்க ஆரம்பித்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவள் விட்டுப்போன இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.